நான்கு கிலோமீற்றருக்கு ஒரு காரா?

கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் பெரிய கடைக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர் தூரம். வழியில் ஏறுதற்கு மேடுமில்லை, இறங்குதற்குப் பள்ளமுமில்லை. இத்துணைச் சமதரையை இயற்கை நமக்கு அளித்திருந்தும், 60 கிலோ நிறையுள்ள ஒருவர் அலுவலகம் போவதற்கு 1,000 கிலோ இரும்பையும் உடன்கொண்டு செல்கின்றார். 15 கிலோச் சைக்கிள் அவ்வேலையைச் செய்யுமே என்றால், "நேரம் போதாது, மாஸ்ரர்" என்பது மறுமொழி.

நேரத்தையே கணக்கிடுவோம். சைக்கிளை நிதானமாக மிதிப்பவர் மணிக்கு 15 கிலோமீற்றர் செல்வார். 4 கிலோமீற்றருக்கு 16 நிமிடம். வெறும் வீதியானால் காருக்கு 8 நிமிடம் போதும். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வீதியில் வெறும் வீதி ஏது? பஸ்களுக்கிடையே ஊர்ந்து, வண்டியை விட இடமும் நிழலும் தேடி, அங்கிருந்து நடந்து வருமுன், சைக்கிள்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையொப்பமும் இட்டிருப்பார்.

குறுந்தூரப் பயணம் காருக்கும் கேடு என்பதைப் பலர் அறியார். இயந்திரம் தனக்குரிய வெப்பத்தை அடையுமுன் மிகுதியான பெற்றோலைக் குடிக்கின்றது. எரிதலில் உண்டாகும் நீராவி புகைக்குழாயினுள் நீராய்த் தங்கித் துருவை வளர்க்கின்றது. இயந்திரத்தை முடுக்கச் செலவான மின்சாரத்தை பற்றரி மீட்டுக்கொள்வதற்குள் பயணமே முடிந்துவிடுகின்றது.

1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். மண்ணெண்ணெயில் ஓடிய சில கார்கள் புகை கக்கிச் சென்றன. விறகையும் நெல்மூடையையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிளே. 2022 யூலையில், கியூ.ஆர். முறைப்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என எரிபொருளை அளந்து கொடுக்கத் தொடங்கியபோதும், கோடியிற் சாத்தியிருந்த சைக்கிள்கள் தூசி தட்டப்பெற்றன. பெற்றோல் தாராளமானதும் அவற்றுட் பல மீண்டும் கோடிக்கே போயின. கௌரவம் பார்க்கிறோம், வேறென்ன! சம்பந்தம் பேச வருவோரின் கண் முற்றத்துக் காரையல்லவா முதலில் தேடுகின்றது?

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும், முதியோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதற்கும் கார் வேண்டியதே. அதனை மறுப்பார் இலர். பெற்றோர் கூறும் ஒரு தடை மட்டும் என்னைச் சிந்திக்க வைக்கின்றது. "வீதியில் வாகனங்கள் பறக்கின்றன, பிள்ளையை எப்படிச் சைக்கிளில் விடுவது?" என்கின்றனர். அச்சம் நியாயமானதே. வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் படிக்கும் மாணவர் அறிந்த விதி. ஆயினும், அவ்வச்சத்துக்காக மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தந்தையார், அதே விதியைப் பிள்ளையின் பக்கமே திருப்பிவிடுகின்றார்; இப்போது வேகமாய்ச் செல்பவன் அவனே.

அப்பணத்தில் மிகச் சிறிய பங்கு சைக்கிளுக்கு நல்ல பிறேக்கும், முன்விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும் வாங்கப் போதும். ரியூசன் முடிந்து இருளில் வரும் பிள்ளைகளின் சைக்கிள்களில் இவை இருக்கக் காண்பது அரிதாகவே உள்ளது. மேலும், நம்மூரில் ஒழுங்கைகளுக்குக் குறைவில்லை. காங்கேசன்துறை வீதியை விட்டு உள்ளொழுங்கைகளால் வந்தால் ஐந்து நிமிடம் கூடலாம், லொறி எதிர்ப்படாது. இவ்வார இறுதியில் தந்தையும் பிள்ளையும் ஒருமுறை சேர்ந்து மிதித்து அவ்வழியைப் பார்த்து வரலாம்.