தாய்ப்பால் ஆலோசகர் பயிற்சி குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

காரைக்கால் மாவட்டச் செவிலியர், ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் சேர்ந்த எங்கள் சங்கத்தின் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. பால் பவுடர் நிறுவனம் ஒன்றின் செலவில் ஓட்டலில் நடந்த ‘இலவசப் பயிற்சி’யும் அதைத் தொடர்ந்த சச்சரவும் உறுப்பினர்கள் அறிந்தவை. அங்கே கொடுத்த சான்றிதழைக் காட்டி ‘தாய்ப்பால் ஆலோசகர்’ என்று பலகை மாட்டலாமா என்பதே கேள்வி. மாட்டக்கூடாது.

இந்த வேலைக்குப் புதிய ஆட்கள் வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன; முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 விழுக்காடுதான். மார்பு கட்டிக்கொண்டு வலிப்பது மூன்றாம் நாள், நான்காம் நாள். அதன் பிறகு தாய் பட்டினச்சேரியிலோ நெடுங்காட்டிலோ அம்மா வீட்டில் இருப்பாள். பால் சுறாப் புட்டும் பூண்டும் தட்டுக்கு வந்துவிடும். காம்பை மட்டும் கவ்வும் குழந்தையை, சுற்றியுள்ள கருவட்டத்தோடு சேர்த்துக் கவ்வ வைக்கத் தெரிந்தவர்தான் வருவதில்லை.

இனி, பணம். 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டது. அதன் 9-ஆம் பிரிவின்படி, பால் பவுடர் நிறுவனம் சுகாதாரப் பணியாளருக்கோ அவர்களின் சங்கத்துக்கோ கருத்தரங்கு, பாடப்பயிற்சி உட்பட எதற்கும் பணம் தரக்கூடாது. அந்நிறுவன ஊழியர்கள் கர்ப்பிணிக்கும் தாய்க்கும் குழந்தை வளர்ப்புப் பாடம் எடுக்கவே கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. இத்தனையும் தெரிந்துதான் அந்த ஓட்டலில் மேடை போட்டார்கள். அங்கே கொடுத்தது பையும் பிரியாணியும்தானே என்று இதைச் சிறிதாக்கிப் பேசும் உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அங்கே யாரும் தாய்ப்பாலைக் குறை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ‘பால் போதவில்லை’ என்று அழுகிறவளிடம் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். குழந்தை எத்தனை முறை மூத்திரம் போகிறது, எடை ஏறுகிறதா, எப்படிக் கவ்வுகிறது? மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். ஒரு வேளை பவுடர் கரைத்துக் கொடுத்தால் குழந்தை தூங்கிவிடும், மார்பு நிறைந்தே கிடக்கும், சுரப்பு குறையும், மறுநாள் இரண்டு வேளை பவுடர். டப்பா இப்படித்தான் விற்கிறது. அதற்கு நாம் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டுமா? (வரைவில் இதைவிடக் கடுமையான வாசகம் இருந்தது. ஒருமித்த கருத்துக்காக நீக்கினோம்.) மருத்துவர் எழுதிக் கொடுத்த குழந்தைக்குப் பவுடர் கொடுப்பதைச் சங்கம் எதிர்க்கவில்லை.

இந்த வேலையைத் தொடங்க விரும்புவோருக்கு: 1991 முதல் இயங்கும் இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பு, பால் பவுடர் நிறுவனங்களின் காசைத் தொடாமல் பயிற்சி நடத்துகிறது. இயன்றவரை அதையே பரிந்துரைக்கிறோம். தாய்ப்பால் ஆலோசகருக்கான பன்னாட்டுத் தேர்வுக்கு 95 மணி நேரப் பாடமும் பல நூறு மணி நேர நேரடி அனுபவமும் வேண்டும். செவிலியர்கள் முயலலாம். ஆனால் தேர்வு தமிழில் இல்லை. எனவே அதை மட்டுமே தகுதியாக வைப்பதைச் சங்கம் தற்போதைக்கு ஆதரிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. மருத்துவப் படிப்பு இல்லாத, பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த பெண்களும் பயிற்சி பெற்று வரலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து; மருத்துவமனை உறுப்பினர்கள் சிலரின் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறோம். தாய்க்குக் காய்ச்சலோ மார்பில் சீழோ, குழந்தைக்குச் சோர்வோ மஞ்சள் காமாலையோ கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஊதியம் பற்றித் தனியே பேசுவோம்.

பயிற்சி அழைப்பு யார் பெயரில் வந்தாலும், செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் போகாதீர்கள். ஓட்டல் சான்றிதழ் வாங்கியவர்கள், ஆகஸ்ட் 1-இல் தாய்ப்பால் வாரம் தொடங்கும் முன் அதைச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.