மாட்யூல் தரமானதுதான்... ஆனா சிக்னல் ஏன் கிடைக்கல? சர்க்யூட் போர்டில் ஒளிந்திருக்கும் காரணம்!

ஸ்மார்ட் பல்பு, சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் மீட்டர்... எல்லாவற்றுக்குள்ளும் ஒரு வயர்லெஸ் மாட்யூல் இருக்கிறது. ஆனால், ஒரே மாட்யூலைப் போட்ட இரண்டு கருவிகளில் ஒன்று மாடி வரைக்கும் வேலை செய்யும். இன்னொன்று ஹாலைத் தாண்டினாலே கட் ஆகிவிடும். ஏன் இப்படி?

ஆன்டெனா எங்கே இருக்கு?

பல மாட்யூல்களின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய செம்புக் கோடுதான் ஆன்டெனா. வைஃபை, புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 3 செ.மீ. அளவுதான் இந்த வடிவமைப்புக்கு அடிப்படை. இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த வளைவுகள்.

தப்பு எங்கே நடக்குது?

ஆன்டெனாவுக்கு அடியிலோ பக்கத்திலோ செம்புப் பரப்பு, பேட்டரி, ஸ்க்ரூ வந்தால் அதன் அலைவரிசையே நகர்ந்துவிடும். அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி வெளியே போகாமல் திரும்பி வரும். 3 டெசிபல் போனால் சக்தி பாதி. 6 டெசிபல் போனால் திறந்தவெளியில் எட்டும் தூரமே பாதி! அதனால்தான் ஆன்டெனாவை போர்டின் விளிம்பில் வைத்து, சுற்றிலும் இடம் விடச் சொல்கிறார்கள் மாட்யூல் தயாரிப்பாளர்கள்.

ஆப்பிளும் தப்பவில்லை

2010-ல் வந்த ஐபோன் 4-ல் வெளிப்புற உலோகச் சட்டமே ஆன்டெனா. இடது கீழ் மூலையில் கை பட்டால் சிக்னல் குறைந்தது. சிக்னல் கோடுகளைக் காட்டும் கணக்கை மாற்றி அப்டேட் விட்டும் புகார் ஓயவில்லை. கடைசியில் இலவச கவர் தருவதாக அறிவித்தார் ஸ்டீவ் ஜாப்ஸ்.

நமக்கு ஏன் முக்கியம்?

இந்தியாவில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது மத்திய அரசின் இலக்கு. மீட்டர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் சிக்னல் இன்னும் திணறும். இன்னொரு பக்கம், பல அடுக்கு சர்க்யூட் போர்டு உள்ளிட்ட உதிரிபாகங்களை இங்கேயே தயாரிக்க, 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆனால் போர்டு தயாரிப்பது வேறு, வடிவமைப்பது வேறு. வரைபடத்திலேயே தவறைப் பிடித்தால் சில மணி நேர வேலை. ஆயிரக்கணக்கில் அச்சாகிவிட்டால் மொத்தமும் வீண். மாட்யூலுக்குச் சான்றிதழ் இருப்பது மட்டும் போதாது. கடைசியில் எந்தப் பெட்டிக்குள் போகிறதோ, அதற்குள் வைத்தே சோதிக்க வேண்டும்.