ஸ்கார்பரோவுக்குப் போனால் உறையும் ஓய்வூதியம்

2026 ஏப்ரல் 6ஆம் திகதி பிரித்தானியாவில் அரச ஓய்வூதியம் 4.8 சதவீதம் உயர்ந்தது. முழுமையான புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 241 பவுண் 30 பென்ஸ் ஆயிற்று. அதே நாளில், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஓய்வூதியத்துக்காக நேஷனல் இன்சூரன்ஸ் கட்டிவந்தவர்களுக்கு இருந்த மலிவான இரண்டாம் வகுப்புக் கட்டணத்தின் கதவு அடைக்கப்பட்டது. ஓய்வூதிய வயது 66இலிருந்து 67ஐ நோக்கி நகரத் தொடங்கியதும் அதே நாளில்தான். இந்த முடிவுகளை இங்குள்ள பத்திரிகைகள் தனித்தனிச் செய்திகளாகவே போட்டன. உயர்வையும் அடைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்மவர்களுக்கு என்ன நடந்திருக்கிறது என்பது புரியும்.

அந்த 4.8 சதவீதம் எல்லோருக்கும் இல்லை. லண்டனில் முப்பது வருடம் உழைத்தவர் ஓய்வுபெற்றுப் பாரிஸில் இருக்கும் தங்கையிடம் போனால் அவருக்கு உயர்வு உண்டு. சூரிச்சில் இருக்கும் மகனிடம் போனாலும் ஒஸ்லோவுக்குப் போனாலும் உண்டு. அமெரிக்காவில், துருக்கியில், இஸ்ரேலில், பிலிப்பைன்ஸில், மொரீசியஸில், ஜமேக்காவில் குடியேறினாலும் உண்டு. அதே மனிதர் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் மகளிடம் போனால் கிடையாது. சிட்னிக்குப் போனால் கிடையாது. யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ திரும்பினால் கிடையாது. போன நாளில் என்ன தொகையோ, சாகும் நாள்வரை அதே தொகை. இப்படி உறைந்த ஓய்வூதியத்தோடு வாழ்பவர்கள் உலகெங்கும் சுமார் நான்கரை இலட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்தில் இருக்கிறார்கள். ஈழத் தமிழ்க் குடும்பங்கள் எந்தெந்த நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டால், அதில் ஏறக்குறைய பாதி இந்த உறைபனிக்குள் விழும்.

2000ஆம் ஆண்டில், பழைய முறையின் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67 பவுண் 50 பென்ஸ். அந்த வருடம் நாட்டைவிட்டுப் போனவர் இன்றும் அதே 67 பவுண் 50 பென்ஸைத்தான் வாங்குகிறார். அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து, ஒரே அளவு பணம் கட்டி, குரொய்டனிலேயே தங்கிவிட்ட நண்பர் இந்த ஏப்ரலில் இருந்து வாங்குவது 184 பவுண் 90 பென்ஸ். 2010இல் போனவருக்கு 97 பவுண் 65 பென்ஸ். இனிப் போகப்போகிறவர்களும் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். ட்ரிபிள் லொக் என்ற ஏற்பாட்டின்படி உயர்வு ஒரு வருடத்தில் 2.5 சதவீதத்துக்குக் குறையாது. அந்தக் குறைந்தபட்ச வேகத்தில் போனாலும், இன்று 241 பவுண் வாங்குகிறவர் இருபது வருடத்தில் 395 பவுண் வாங்குவார். ஈஸ்ட்ஹாமில் இருந்தால் 395. பருத்தித்துறையில் இருந்தால் 241. மருந்துச் செலவு கூடும் வயதில், தனக்காக வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டிய வயதில், வித்தியாசம் வாரத்துக்கு 150 பவுணுக்கு மேல்.

அங்கே வாழ்க்கைச் செலவு குறைவுதானே என்று இங்குள்ள அரசியல்வாதிகள் சொல்வதுண்டு. சூரிச்சில் குறைவா? நியூயோர்க்கில் குறைவா? அங்கெல்லாம் உயர்வு கொடுக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் இலங்கையில் பணவீக்கம் எழுபது சதவீதம் அளவுக்குப் போனது. எரிவாயுவுக்கும் பாணுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடம் அது. ரூபாய் விழுந்ததால் பவுணுக்குக் கொஞ்சம் அதிகம் கிடைத்தது உண்மைதான், அதைக் கடைவிலை விழுங்கியதும் உண்மை. வாழ்க்கைச் செலவு பார்த்துத்தான் இந்த விதி வகுக்கப்பட்டது என்றால், 1982இல் போர் தொடுத்து மீட்ட ஃபோக்லாந்துத் தீவுகளில் வாழும் பிரித்தானிய முதியவருக்கும் ஏன் ஓய்வூதியம் உறைகிறது? செலவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எந்த நாட்டோடு எப்போதோ ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது என்பது மட்டும்தான் கணக்கு. புதிய ஒப்பந்தம் போடக் கனடா பலமுறை கேட்டும் லண்டன் அசையவில்லை. வெறுத்துப்போன அவுஸ்திரேலியா, இருந்த சமூகப் பாதுகாப்பு உடன்பாட்டையே 2001இல் முறித்துக்கொண்டது. அதற்கும் இங்கே யாரும் அசையவில்லை.

இந்தியாவோடு வாய்ப்பு வந்தது. 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதனோடு சேர்த்து சமூகப் பாதுகாப்புக் கட்டணம் பற்றியும் இரு நாடுகளும் பேசின. நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்கள் ஒரே காலத்துக்கு இரண்டு நாட்டிலும் கட்டத் தேவையில்லை என்பது தீர்மானம். நல்லது. ஆனால் அதே மேசையில், அதே தலைப்பின் கீழ், நாற்பது வருடம் கட்டி முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் ஓய்வூதியருக்கு ஒரு வரியும் எழுதப்படவில்லை.

இனி அடைக்கப்பட்ட கதவைப் பார்ப்போம். முழு ஓய்வூதியம் பெற 35 வருடக் கட்டணம் வேண்டும். 1983க்குப் பிறகு அகதியாக வந்து, இங்கே பதினைந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து, பிறகு சகோதரங்களோடு சேரக் கனடா போனவர்கள் எத்தனையோ பேர். அங்கே வேலை செய்துகொண்டே விடுபட்ட வருடங்களை இரண்டாம் வகுப்பில் கட்டி நிரப்பினார்கள். போன நிதியாண்டில் அது வாரத்துக்கு 3 பவுண் 50 பென்ஸ், வருடத்துக்கு 182 பவுண். இனி அவர்களுக்கு மூன்றாம் வகுப்பு மட்டும்தான். போன நிதியாண்டுக் கணக்கில் அது வாரத்துக்கு 17 பவுண் 75 பென்ஸ், வருடத்துக்கு 923 பவுண். ஐந்து மடங்கு. இனிப் புதிதாகக் கட்ட வருவோர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் அல்லது பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும். முன்பு மூன்று வருடம் போதுமாக இருந்தது.

இந்த நாட்டோடு அதிகம் தொடர்பில்லாதவர்கள் மலிவு விலையில் ஓய்வூதியம் வாங்குவதை நிறுத்துகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஐந்து மடங்கு விலை கொடுத்து அந்த மனிதர் வாங்குவது எதை? ஸ்கார்பரோவில் இருப்பதால் அது உறைந்த ஓய்வூதியம். கட்ட வேண்டிய தொகையை வருடாவருடம் உயர்த்துவார்கள். கொடுக்கும் தொகையை ஒருநாளும் உயர்த்த மாட்டார்கள். விலையை முழுதாக வாங்கிக்கொண்டு பொருளைக் குறைத்துக் கொடுக்கும் கடையை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

பணம் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஊரில் இருக்கும் ஓய்வூதியர் ஒருவர் பேரப்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்காக லண்டன் வந்து மகள் வீட்டில் ஆறு வாரம் தங்குகிறார் என்று வையுங்கள். வந்ததை முறைப்படி அறிவித்தால், அந்த ஆறு வாரத்துக்கும் அவருக்கு இன்றைய உயர்ந்த தொகை கிடைக்கும். விமானம் ஏறித் திரும்பியதும் பழைய தொகைக்கு இறங்கிவிடும். அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது எவ்வளவு என்பது அவர்களுடைய கணினிக்குத் தெரியும். ஹீத்ரோவில் கால் வைத்தால் அதைக் கொடுக்கவும் தெரியும். இங்கேயே தங்கிவிட்டால் அந்த முதியவருக்கு ஜீபீ, ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர் என்று அரசு செலவழிக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் அரசுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற மனிதருக்குத் தண்டனை.

தாமாகத்தானே போனார்கள் என்று கேட்பவர்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணவனை இழந்து, ஹரோவில் ஓர் அறையில் தனியாக, குளிர்காலம் முழுவதும் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் அக்காவிடமோ மகளிடமோ போகிற பெண்கள் அவர்கள். மலாகாவுக்கு வெயில் காயப் போகிறவருக்கு உயர்வு கொடுக்கும் அரசு, தன்னைப் பராமரிக்க ஓர் ஆளைத் தேடிப் போகிற விதவைக்குக் கொடுக்காது என்பது எந்த வகை நியாயம்?

நீதிமன்றமும் ஏறிப் பார்த்தாகிவிட்டது. தென்னாபிரிக்காவில் குடியேறிய அனெட் கார்சன் தொடுத்த வழக்கில் 2005இல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். 2010 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமைகள் நீதிமன்றத்தில் பதினொருவர் அரசுக்குச் சாதகமாகவும் அறுவர் எதிராகவும் தீர்ப்பளித்தார்கள். இவை சட்டத்தைப் பற்றிய தீர்ப்புகள். செய்வது சரியா என்ற கேள்வி அரசியல்வாதிகளின் மேசையில்தான் இன்னும் கிடக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் உயர்வு ஆணையோடு, வெளிநாட்டில் உள்ளவருக்கு இது கிடையாது என்று தனியாக ஒரு விதிமுறையும் புதிதாக இயற்றப்படுகிறது. ஆகவே இது எப்போதோ நடந்துவிட்ட பழைய தவறு அல்ல. இந்த வருடமும் ஒருவர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

உறைந்த அந்தத் தொகையையாவது நிம்மதியாக வாங்க விடுகிறார்களா? திடீரென்று தபாலில் உயிர்வாழ் சான்றிதழ்ப் படிவம் வரும். இன்னும் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்திட்டு, உறவினர் அல்லாத, வங்கி அதிகாரி, மருத்துவர், ஆசிரியர் போன்ற ஒருவரைச் சாட்சியாகப் பிடித்து, 16 வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். தபால் வழியில் தொலைந்தால் பணம் நிற்கும். எண்பது வயது அம்மா ஒருவர், முழங்கால் வலியோடு ஓட்டோ பிடித்துப் போய், வங்கி முகாமையாளரின் அறை வாசலில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் காட்சி ஊரில் பலருக்குப் பழக்கமானது. பணம் நின்றபின் வெளிநாட்டுத் தொலைபேசிக் கட்டணத்தில் காத்திருந்து, பதிவு செய்த குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் பழக்கமானது. வங்கிகளும் இதில் குறை வைப்பதில்லை. வெளிநாட்டு விலாசம் கொடுத்தால் கணக்கை மூடப்போவதாகக் கடிதம் அனுப்புகின்றன சில. மூடாத வங்கியில் நுழைய ஒருமுறைக் குறியீடு வேண்டும். அது வருவது லண்டன் கைபேசி இலக்கத்துக்கு. ரீசார்ஜ் பண்ணாததால் அந்த இலக்கம் எப்போதோ செத்திருக்கும். சொந்தப் பணத்தின் முன்னால் சாவியில்லாமல் நிற்கிறார்கள்.

ஓய்வூதியத்தை உறையவிடும் ஆட்சியாளர்களிடம் இதைவிட நல்லதை எதிர்பார்க்கலாமா என்றால், அவர்களுடைய வரலாறு நம்பிக்கை தரவில்லை. சுமார் 134,000 ஓய்வூதியருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, நூறு கோடி பவுணுக்கு மேல் குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்ததை 2021இல் தேசிய கணக்காய்வு அலுவலகம் அம்பலப்படுத்தியது. அந்தத் தவறுகள் 1985 வரை பின்னோக்கிப் போகின்றன. உரியவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஓய்வூதிய வயது மாறுவதை 1950களில் பிறந்த பெண்களுக்கு ஒழுங்காக அறிவிக்கவில்லை என்று 2024 மார்ச்சில் குறைகேள் அதிகாரி தீர்ப்புச் சொல்லி, இழப்பீடும் பரிந்துரைத்தார். அதே வருடம் டிசம்பரில், தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இழப்பீட்டை மறுத்தார்கள். நோயாளியான துணையைப் பராமரித்தவர்கள் உதவித்தொகைக்கான வருமான வரம்பைச் சில பென்ஸ் தாண்டியதற்காக, வருடங்கள் கழித்து ஆயிரக்கணக்கான பவுண் திருப்பிக் கட்டச் சொல்லி விரட்டப்பட்டார்கள். 2024இல் குளிர்கால எரிபொருள் உதவியைக் கோடிக்கும் அதிகமான முதியவர்களிடமிருந்து வெட்டினார்கள்.

அந்தக் கடைசி முடிவு மட்டும் அடுத்த ஜூனில் பெரும்பாலும் திருப்பப்பட்டது. ஏன் திருப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். உதவி வெட்டப்பட்டவர்கள் உள்ளூரில் இருந்தார்கள், உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குப் போட்டார்கள், வாசலுக்கு வந்த வேட்பாளரின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். பருத்தித்துறையில் இருப்பவர் யார் முகத்தைப் பார்த்துக் கேட்பார்?

அவருக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம். தைப்பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம், அந்த மேடையிலேயே இதைக் கேட்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் பிரித்தானியக் குடியுரிமையாளர் பதினைந்து வருடத்துக்குப் பின் வாக்களிக்க முடியாது என்ற தடை 2024 ஜனவரியில் நீங்கிவிட்டது. ஊரிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள நம் முதியவர்கள் தங்கள் பழைய லண்டன் தொகுதியிலேயே பதிவு செய்து வாக்களிக்கலாம். பிள்ளைகள் இணையத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு அதைச் செய்து கொடுக்க வேண்டும். பழைய பாக்கியைக் கொடுப்பதா, இன்றிலிருந்து மட்டும் உயர்த்துவதா, நாடு நாடாக ஒப்பந்தம் போடுவதா என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். அதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அடுத்த ஏப்ரலுக்கான விதிமுறை அவர்களுடைய மேசைக்கு வருமுன், பதில் நம் கைக்கு வர வேண்டும்.