முடிவிலி கண்டு முடங்குவதா?

கணக்கியற் கல்வியில் ஒரு கேடு வேரூன்றி நிற்கின்றது. ஒரு சமன்பாட்டின் கெழு எங்கேனும் எல்லையின்றிப் பெருகுமாயின், அவ்விடம் வேண்டா எனத் தள்ளிவிட்டு, எஞ்சிய வாய்பாட்டை நெட்டுருப் போட வைப்பதே கற்பித்தல் என்றாகிவிட்டது. இது தவறு.

வெப்பம் பரவும் முறையைச் சமன்பாட்டில் அடக்கியவர் பிரஞ்சு அறிஞர் வூரியர். 1807-இல் பாரிசு அறிஞர் கழகத்தின்முன் வைத்த ஆய்வை விரித்து, 1822-இல் நூலாக்கினார். ஓரிடத்து வெப்பநிலை, தன் சுற்றுப்புறத்தினின்று எவ்வளவு வேறுபடுகின்றதோ அதற்கேற்ப மாறும் என்பதே அச்சமன்பாட்டின் உயிர்.

நீண்ட உருளைக் கம்பி ஒன்றைக் கருதுக. நடுவச்சிலிருந்து அளந்த தொலைவைக் கொண்டு அச்சமன்பாட்டை எழுதினால், ஒன்றை அத்தொலைவால் வகுத்த கெழு தோன்றும். அச்சில் தொலைவு சுழி, கெழுவோ முடிவிலி! கம்பியின் நடுவே நெருப்புக் குழியா உள்ளது? இல்லை. அங்கே வெப்பநிலையின் சாய்வும் சுழியாகின்றது. பெருக்குத்தொகை அளவுக்குள் அடங்குகின்றது. குற்றம் கம்பியினதன்று, அளந்த முறையினது.

அங்ஙனமாயின் எல்லா முடிவிலியும் பொய்த்தோற்றமோ? அன்று. ஒரு புள்ளியிலிருந்துள்ள தொலைவின் இருபடிக்குத் தலைகீழ் வீதத்திலும், ஆங்காங்குள்ள வெப்பநிலைக்கு நேர்வீதத்திலும் வெப்பம் ஊறுவதாகக் கொள்க. பாராசு, கோல்டுசுட்டைன் எனும் இருவர் 1984-இல் இதற்கு வரம்பு கண்டனர். பரவுகெழு ஒன்றாயின், நீளம் அகலம் உயரம் உள்ள வெளியில் ஊற்றின் வலிமை 1/4-ஐத் தாண்டாதவரை, தக்க தொடக்க நிலைகளுக்கு விடை உண்டு. தாண்டினாலோ, நேர்மதிப்புள்ள விடையே இல்லை. தொடக்க வெப்பம் எத்துணைச் சிறிதாயினும், கணக்கு அக்கணமே எங்கணும் வெடித்துச் சிதறும். இங்குக் குற்றம் அளவையினதன்று, பொருளினது.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே கணக்கறிவு. வகையீட்டுச் செயலி என்பது வெறும் வாய்பாடன்று; எத்தகைய விடைகளை அது ஏற்கும் என்னும் வரையறையும் சேர்ந்ததே செயலி. இதனைக் கல்லாதவன் கணிப்பொறியிடம் ஏமாறுவான். நடுப்புள்ளியைத் தொடாது கட்டம் வகுத்தால், இல்லாத விடைக்கும் அது ஓர் எண்ணை ஈயும். கட்டத்தை நுணுக்க நுணுக்க அவ்வெண் வீங்கும்; நுணுக்கிப் பாராதவனோ அதனை மெய்யென நம்புவான்.

முடிவிலி கண்டு விலகுவது கோழைமை; ஆராயாது ஏற்பது மடமை. வாய்பாட்டை ஒப்புவிக்கும் மாணவன் வேண்டா. குற்றம் அளவையிலா, பொருளிலா என வினவும் மாணவனே வேண்டும்!