படகுக்குப் போர்வை போர்த்துகிறவர்களுக்கு

போன மாதம் பழவேற்காட்டில் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன். எழுபத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நேரில் சொன்னதில் பாதி கோபத்தில் வீணாகிவிட்டது. அதனால் பொறுமையாக இங்கே எழுதுகிறேன்.

விஷயம் என் தாய்மாமனுடைய பாய்மரப் படகைப் பற்றியது. ஏரியில் இறாலுக்கும் மடவைக்கும் ஓடிய படகு. தொழில் இல்லாத மாதங்களில் கிளிஞ்சல் ஏற்றியது. பக்கிங்காம் கால்வாயில் விறகும் கிளிஞ்சலும் பாய் விரித்துப் பட்டணம் போன காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாமா போனார், மச்சானும் போய்விட்டான், படகு இப்போது மச்சான் மகன் கையில். அவன் தொழிலுக்கு ஃபைபர் படகும் இன்ஜினும் தனியாக இருக்கின்றன. இந்தப் பழையதைக் கரையேற்றி, வெளிப்புறம் முழுக்க ஃபைபர் ஒட்டி, நீலப் பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக்காரன் கல்லறை பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று விடலாம் என்பது அவன் திட்டம். ஒட்டுகிற ஆளும் வந்து நின்றார். பத்து நாளில் முடித்துவிடுவாராம், அப்புறம் இருபது வருஷத்துக்குக் கையே வைக்க வேண்டாமாம்.

"பலகையெல்லாம் பார்த்தியாடா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மாமா பாக்கணும்? அதான் மேல ஃபைபர் வரப்போவுதே."

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. இதைச் சொல்வது அவன் மட்டுமல்ல. கரையேற்றிய படகைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இன்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே முதலில் 'ப்ரூயோன்' எழுத வேண்டும், அதாவது அடித்துத் திருத்துகிற கரட்டு நகல். அதில் பிழை பார்க்காமல் நல்ல தாளில் அழகாக எழுதிக் கொண்டுபோனால், எங்கள் வாத்தியார் தாளைப் படிக்கவே மாட்டார், திருப்பிக் கொடுத்துவிடுவார். பெயிண்டும் ஃபைபரும் நல்ல தாள். பிழை பார்க்க வேண்டிய இடம் அடியில் இருக்கிறது.

மாமா படகைக் கரையேற்றுவது தை மாதத்தில். மழை விட்டிருக்கும், வெயில் மூர்க்கமாக இருக்காது. பனங்கட்டை உருளைகள் மேல் இழுப்பார்கள். ஏறியதும் ஏராக்கட்டையின் நீளம் முழுக்கப் பல இடத்தில் முட்டுக் கொடுப்பார். முன்னும் பின்னும் மட்டும் தாங்கி நடுவை அந்தரத்தில் விட்டால் படகு தன் கனத்திலேயே வளைந்து மூட்டு விட்டுப்போகும். மச்சான் மகன் இரண்டே இடத்தில் செங்கல் அடுக்கி வைத்திருந்தான். அதையும் சொன்னேன், அதற்கும் முறைத்தான்.

பிறகு மாமா செய்வதுதான் முக்கியம். படகின் உள்ளே தங்கிய தண்ணீரை உடனே இறைக்க விடமாட்டார். கரைத்துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படகுக்கு அடியில் குந்தி உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த மூட்டு வழியாக வெளியே கசிகிறதோ, அதே வழியாகத்தான் ஏரித் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். சொட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் கரியால் ஒரு கோடு. வருஷம் முழுக்கப் படகு மறைத்து வைத்ததை அந்த அரைமணி நேரத்தில் தானே காட்டிக்கொடுக்கும். காய்ந்த பிறகு எந்தக் கொம்பனாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கொட்டலசையும் பாசியையும் ஈரம் இருக்கும்போதே சுரண்டிவிடுவார்கள். காய்ந்தால் கல்லாகிவிடும்.

அப்புறம் மரச்சுத்தியலால் தட்டுவார். நல்ல பலகை 'டங்' என்று பேசும், செத்த பலகை 'பொத்' என்னும். சந்தேகம் வந்த இடத்தில் குத்தூசி. புழு இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. கப்பல் புழு என்று நாம் சொல்வது உண்மையில் புழுவே அல்ல, சிப்பி இனம். பிரெஞ்சில் 'தாரே' என்பார்கள். குண்டூசித் தலை அளவு துளையில் நுழைந்து உள்ளே விரல் கனத்துக்குச் சுரங்கம் வெட்டும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை புதுசு மாதிரியே இருக்கும். பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணின டச்சுக்காரனை அவன் சொந்த ஊரிலேயே இது பதம் பார்த்திருக்கிறது. 1730களில் ஹாலந்தின் கடல் கரைகளைத் தாங்கிய மரங்களை அரித்துத் தின்றுவிட, மரத்தை விட்டுக் கல்லுக்கு மாறினார்கள். நம் ஏரியில் மழைத் தண்ணீர் வந்து உப்புக் குறைகிறபோது இதன் ஆட்டம் அடங்கும். உப்பு ஏறுகிற கோடையில் கொண்டாட்டம்தான்.

ஆணிகளும் அப்படியே. இரும்பாணித் தலை மேலே முழுசாக இருக்கும், உள்ளே ஊசியாய் இளைத்திருக்கும், சுற்றியுள்ள மரமும் கறுத்து மாவாகியிருக்கும். நாலு இடத்தில் ஒவ்வொன்று பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். போன முறை யாரோ செப்பாணியையும் இரும்பாணியையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பு இன்னும் சீக்கிரம் கரைய வேறு என்ன வேண்டும்? சுக்கான் கொக்கி, பாய்மரம் ஊன்றுகிற குழி இவற்றையும் விடக்கூடாது. குழியில் நிற்பது மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீரை விட அதில்தான் மரம் வேகமாக உளுக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கலப்பத்து. பஞ்சுத் திரியை மூட்டில் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. பிரெஞ்சில் 'கல்ஃபாத்தாழ்' என்று படித்தபோது வகுப்பில் நான் ஒருவன்தான் சிரித்தேன். நம் வார்த்தை மாதிரியே இருந்தது.

ஃபைபர் மேல் எனக்கு விரோதம் இல்லை. புதிதாக ஃபைபரில் வார்த்த படகு நல்ல படகு. மரம் விற்கிற விலையும், படகு ஆசாரிகள் அருகிப்போனதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஐம்பது வருஷம் மீன் எண்ணெய் குடித்த பலகையில் அந்தப் பசை எப்படிப் பிடிக்கும்? மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே ஒட்டியது அசையாது. ஒரு நாள் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. மூடிய பாத்திரத்தில் வைத்த ஈரத்துணி மாதிரி மரம் புழுங்கி அழுகும். அதற்குப் பிறகு தட்டினாலும் சத்தம் சொல்லாது, கசிந்தாலும் கோடு போட முடியாது. புழுவிடமிருந்து காப்பாற்றுகிறதே என்பார்கள். ஏற்கெனவே அழுகிய மரத்தை யாரிடமிருந்து காப்பாற்றுவது?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். நான் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். படகுகளின் நிலை பற்றி ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். 'நேரில் பார்வையிடப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசையாக எழுதினேன். கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போனேன். அதில் ஒரு படகு அந்த மழைக்காலத்திலேயே முகத்துவாரத்துப் பக்கம் அடிப்பலகை பிரிந்து போயிற்று. ஆள் பருமலைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தார். வலை போயிற்று. உதவி கேட்டு வந்தவரிடம், பதிவின்படி உங்கள் படகு நல்ல நிலையில் இருந்ததே, கவனக்குறைவு என்றல்லவா ஆகும் என்று நான்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சாமி, நீ எழுதினது நெசமா, தண்ணி எழுதினது நெசமா?" என்று கேட்டார். நான் கோப்பை மூடினேன். மூடத்தான் தெரிந்தது.

பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒருவன் 'நல்ல நிலை' என்று சொன்னால் எனக்கு அந்த மேஜை ஞாபகம் வருகிறது. இந்தப் படகில் ஏறப்போவது நீச்சல் தெரியாத குடும்பங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அந்தப் படகின் கதை வேறாக இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

சண்டையின் முடிவில் மச்சான் மகனிடமே குத்தூசியைக் கொடுத்தேன். "நீயே குத்துடா" என்றேன். வெறுப்பாகத்தான் குத்தினான். மூன்று இடத்தில் நின்றது. நாலாவது இடத்தில், ஏராவை ஒட்டிய பலகையில், பிடி வரைக்கும் போயிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. ஒட்ட வந்தவர் பசை டின்னை வண்டியில் திருப்பி ஏற்றினார். அவருக்கு வந்துபோன செலவை நான் கொடுத்தேன், அது நியாயம்.

இரண்டு பலகை மாற்ற வேண்டும். பாதிப் பணம் என் பென்ஷனிலிருந்து. மீதிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. பயணிகள் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று அவன் அம்மா சொன்னாள், அவன் சொல்லவில்லை. ஆசாரிக்கு என்னை விட இரண்டு வயது அதிகம், ஆடி கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வெயிலில் மூட்டு வாய் பிளக்காமல் இருக்கக் கீற்றுப் பந்தல் போட்டு, பலகை மேல் ஈரச் சாக்கு விரித்திருக்கிறோம். காலையும் மாலையும் அதை நனைக்க வேண்டும். நான் ஊரில் இருக்கிற நாளெல்லாம் அது என் வேலை, இல்லாத நாளில் அவன் செய்கிறானா என்று போன் போட்டுக் கேட்கிறேன்.