விசில் ஓய்ந்த பின்பு

வாலிபர் சிந்தனைக்கு



நம்மில் அநேகர் பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள். தாராவியிலோ, கட்கியிலோ, செகந்திராபாத்திலோ ஒரு சிறிய வீட்டைக் கூட்டிக்கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். இப்போது அந்தப் பிள்ளைகளில் சிலர் இராணுவத்தில் சேர்ந்து நம்மையும் விட்டுப் புறப்படுகிறார்கள். வெலிங்டனிலோ, பெங்களூரிலோ, நாசிக்கிலோ நடந்த கசம் பரேடைக் காண இரயிலேறிச் சென்ற பெற்றோர், மகன் நிமிர்ந்து நடந்துவந்ததைக் கண்டு கண்கலங்கித் திரும்புகிறார்கள். பின்பு சில நாள் விடுமுறை. வீட்டின் ஒரு மூலையில் கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன்மேல் ஒரு மூவ்மெண்ட் ஆர்டர். அதில் எழுதியிருக்கும் ஊரின் பெயரைத் தாயார் அதற்குமுன் கேட்டதே இல்லை.

அருமைத் தம்பியே, இந்த மாதம் உன்னோடுதான் பேசுகிறோம். படைகளின் மையங்களில் பயிற்சி முடித்து நிற்கும் தங்கையருக்கும் இதே வார்த்தைதான்.

பயிற்சி மையத்தில் நீ எப்போது எழ வேண்டும், எப்போது உண்ண வேண்டும், எப்போது விளக்கை அணைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு விசில் தீர்மானித்தது. உஸ்தாத் உன் பின்னால் நின்றார். நீ ஒழுங்காயிருந்தாய், ஆனால் அந்த ஒழுங்கில் பாதி அவருடையது. யூனிட்டில் பரேடும் காவலும் உண்டு. எனினும் மாலை நேரமும், சம்பளமும், கைப்பேசியும் முதன்முறையாக உன் கையில் தரப்படுகின்றன. இந்த மூன்றுக்கும் விசில் ஊத அங்கே ஒருவரும் இல்லை. உன் பயிற்சி உண்மையாகவே பலித்ததா என்பது இனிமேல்தான் தெரியவரும்.

1. நாட்களை எண்ணிப்பார்

2022 ஜூன் 14-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சிப்பாயாகச் சேரும் இளைஞரில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுகளுக்கே சேர்க்கப்படுகிறார்கள். பயிற்சிக் காலமும் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அடக்கம். முடிவில் ஒரு குழுவில் 25 சதவீதம் வரையிலானவர்களே தொடர்ந்து பணியாற்றத் தெரிந்தெடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. இத்திட்டம் நல்லதா அல்லவா என்று வெளியே வாதிடுகிறவர்கள் வாதிடட்டும், நீ கையெழுத்திட்டுவிட்டாய். உனக்கு மீதமிருப்பது ஏறத்தாழ 40 மாதங்கள்.

ஆகவே, "முதல் வருடம் சும்மா போகட்டும், கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணாதே. தெரிந்தெடுப்பு கடைசி நாளில் நடக்கும் ஒரே தேர்வு அன்று. உடல்திறன் சோதனை, சுடும் திறன், உன் தொழிற்பிரிவின் தேர்ச்சி, நடத்தை ஆகிய யாவும் ஆண்டுதோறும் உன் பெயரில் பதிவாகிவருகின்றன. பயிற்சி முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, உடல் பெருத்துப்போகிறவர்கள் உண்டு. நீ அவர்களில் ஒருவனாக வேண்டாம்.

2. முதல் சம்பளமும் வீட்டின் கண்களும்

முதலாண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதமாகிய 9,000 ரூபாய் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். கைக்கு வருவது 21,000 ரூபாய். நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000, கைக்கு வருவது 28,000. நான்கு ஆண்டுகளில் உன் பங்காக ஏறக்குறைய 5.02 லட்சம் சேரும். அரசும் அதே தொகையைச் சேர்க்கும். வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் நான்கு ஆண்டு முடியுமுன் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. விதிவிலக்கான காரணத்தினால் நீயே கேட்டு இடையில் விலக அனுமதி பெற்றால், அரசின் பங்கு உனக்குக் கிடைக்காது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனின் கணக்கில் சம்பளம் விழுந்தது என்று தெரிந்த மாதத்திலேயே உறவினர் வருவார்கள். அக்காள் கலியாணக் கடன், ஊரில் பாதியில் நிற்கும் வீடு, தம்பியின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அவன் தலையில் ஏறும். "பட்டாளத்துச் சம்பளம் வருகிறதே" என்று வட்டிக்கடைக்காரனும் தாராளமாகக் கை நீட்டுவான். 11 லட்சத்தை இன்றே கையில் இருப்பதாக எண்ணி, அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணம் 22 அல்லது 23 வயதில் வேலையின்றித் திரும்பிவரும் ஒருவனுக்கு இரண்டாம் தொடக்கமாக வைக்கப்பட்டது. அதை நீங்கள் முன்கூட்டியே உண்டுவிட்டால், அவன் வெறுங்கையோடு வீட்டு வாசலில் நிற்பான்.

தம்பியே, வீட்டுக்கு அனுப்புவது உன் கடமை. ஆனால் தொகையை முதல் மாதத்திலேயே வெளிப்படையாகப் பேசித் தீர்மானித்துவிடு. முதலில் அதிகமாக அனுப்பிவிட்டுப் பின்பு குறைத்தால் மனஸ்தாபம் வரும். உனக்கென்று மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டால், 40 மாதங்களில் வட்டியில்லாமலே 2 லட்சம் ஆகும். முதல் விடுமுறையில் தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன், வருடத்தில் 30 நாள் விடுப்பில் மட்டும் ஓட்டப்போகும் வண்டிக்காகப் பன்னிரண்டு மாதமும் தவணை கட்டுகிறான் என்பதையும் நினைத்துப்பார்.

3. பெயரில் கவனம்

இது சிறிய காரியம்போலத் தோன்றும்; ஆனால் நம்மவர் வீடுகளில் பெரிய துன்பத்தைத் தருவது இதுவே. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். வடநாட்டு அலுவலகங்களில் அந்த ஒரெழுத்து சில தாள்களில் முழுப்பெயராக விரிகிறது, சில தாள்களில் காணாமலே போகிறது. போதாததற்கு, ஞானஸ்நானம் பெற்றபின் தாயார் சபையில் எலிசபெத். ஆதார் அட்டையிலோ இசக்கியம்மாள். வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்துக்கூட்டு.

அக்னிவீரனுக்கு அவன் சம்பளத்தில் பிடித்தமின்றி 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அப்படி ஒரு நாள் வரவேண்டாம் என்றே நாம் ஜெபிக்கிறோம். எனினும், வாரிசாக எழுதப்பட்ட பெயரும் தாயாரின் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால், துக்கத்தில் இருக்கும் அந்தத் தாய் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். ஆகவே இந்த விடுமுறையிலேயே பெற்றோரின் ஆதார், வங்கிக் கணக்கு, உன் பள்ளிச் சான்றிதழ், படிவத்தில் நீ எழுதிய வாரிசுப் பெயர் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பார். பிழையிருந்தால் வீட்டார் இங்கே திருத்தட்டும். யூனிட் சேர்ந்ததும் நீ எழுத்தர் அலுவலகத்தில் திருத்து. எல்லாவற்றிற்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். உன் அடையாள அட்டையை மட்டும் எக்காரணத்திற்காகவும் எவரிடமும் கொடுக்காதே. அதைத் தொலைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

4. யூனிட்டில் முதல் மாதங்கள்

புதிதாய் வந்தவனைக் கண்கள் கவனிக்கும். பேச்சைக் குறைத்து, வேலையைக் கூட்டு. பயிற்சி மையத்தில் நீ தங்கப் பதக்கம் பெற்றிருந்தாலும் அதை நீயே சொல்லிக்கொள்ளாதே. கொடுத்த வேலை துடைப்பதானாலும் தூக்குவதானாலும் முகம் சுளிக்காமல் செய்.

பம்பாயிலும் டில்லியிலும் வளர்ந்த உனக்கு ஒரு நன்மை உண்டு: இந்தி உனக்குத் தெருவிலேயே வந்துவிட்டது. திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து வந்த இன்னொரு தமிழ்த் தம்பிக்கு அது வராது. கட்டளை புரியாமல் அவன் விழிக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்காதே. இரவில் அவன் கட்டிலருகே அமர்ந்து பத்துச் சொற்களைச் சொல்லிக்கொடு. பதிலுக்கு அவன் உனக்கு மலையேறக் கற்றுத்தருவான். எல்லையில் உன் பக்கத்தில் நிற்கப்போகிறவன் அவன்தான்.

ஒருவேளை உனக்கு அநியாயம் நேர்ந்தால், அதற்கும் வழி உண்டு. முதலில் செக்ஷன் கமாண்டர், பின்பு பிளாட்டூனின் ஜே.சி.ஓ. சாஹிப், அதற்குமேல் கம்பெனி கமாண்டரிடம் நேர்காணல் கேட்கலாம். சைனிக் சம்மேளனத்தில் எழுந்து பேசலாம். இந்தப் படிகளைத் தாண்டிக் கைப்பேசியில் காணொளி எடுத்து உலகுக்குக் காட்டுகிறவன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறான். மனம் மிகவும் சோர்ந்துபோனால் அதை மறைக்காதே. கூட்டாளியிடம் சொல், யூனிட்டின் மருத்துவரிடம் சொல். வீட்டாரே, வாரத்தில் ஒருநாள் அவன் பேசும்போது பணத்தைப் பற்றிக் கேட்குமுன், "நன்றாய்த் தூங்குகிறாயா?" என்று கேளுங்கள்.

5. கைப்பேசி

2020 ஜூலையில் முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்குமாறு இராணுவம் தன் வீரர்களுக்குக் கட்டளையிட்டது. விதிகள் அவ்வப்போது மாற்றியமைக்கப்படும். உன் யூனிட்டில் இன்றைக்கு நடப்பிலுள்ள கட்டளை எதுவோ அதுவே உனக்குச் சட்டம். சீருடையில் எடுத்த படத்தின் பின்னணியில் ஒரு வாகனமோ வாசற்பலகையோ போதும். எதிரிக்கு அது செய்தி. முன்பின் அறியாத பெண்ணின் பெயரில் வரும் இனிய செய்தியின் மறுமுனையில் இருப்பவர் பெண்ணாகவே இராதிருக்கலாம். இந்த வலையில் விழுந்து சிறை சென்ற வீரர்கள் உண்டு. வீட்டாரும் "என் மகன் இன்ன இடத்தில் இருக்கிறான்" என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதவேண்டாம். ஜெபக்குறிப்புக்கு அவன் பெயர் போதும், ஊர் வேண்டாம்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தாலும் சூதாட்டம் வேறு பெயரில் வரும். தனிமையான மாலை நேரமே அதன் வாசல்.

6. ஆராதனையும் மனசாட்சியும்

நம் வீடுகளில் தாய்மார் முதலில் கேட்கும் கேள்வி இதுவே: "அங்கே ஆராதனை உண்டா?" பல யூனிட்டுகளில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான சர்வ தர்ம ஸ்தலம் உண்டு. பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் ஆகியோர் மத போதகர்களாக நாயப் சுபேதார் நிலையில் பணியாற்றுகிறார்கள். ஆனால் நம் சபையைப்போன்ற கூடுகையை எதிர்பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமையிலும் காவல் முறை வரும். சில இடங்களில் உன் கட்டிலும் ஒரு சிறிய வேதாகமமுமே உன் ஆலயமாயிருக்கும்.

மதச் சடங்குகள் யூனிட் வாழ்வில் ஓர் அங்கம். 2017-இல் பணியமர்ந்த ஒரு கிறிஸ்தவ அதிகாரி, படைப்பிரிவின் வழிபாட்டின்போது கருவறைக்குள் செல்ல மறுத்தமைக்காக 2021-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025 மே மாதத்தில் டில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. அவர் வீரர்களை முன்னின்று நடத்தும் அதிகாரி. உன் நிலை வேறு. எனினும், இப்படிப்பட்ட வேளை வரக்கூடும் என்பதை அறியாமல் போகாதே. உன் மனசாட்சி எதுவரை செல்லும் என்பதைப் பெற்றோரோடும் போதகரோடும் இப்போதே அமர்ந்து பேசு. சொல்லவேண்டியது இருந்தால், அணிவகுப்பின் நடுவில் அல்ல, முன்கூட்டியே உன் மேலதிகாரியிடம் தனியே, பணிவாகச் சொல். அடுத்தவனுடைய வழிபாட்டை ஒருபோதும் இகழாதே.

படா கானா விருந்தில் மதுக் கோப்பை நீட்டப்படும். "வேண்டாம் சாஹிப்" என்று சிரித்த முகத்தோடு ஒருமுறை உறுதியாகச் சொல்கிறவனைப் பெரும்பாலும் இரண்டாம் முறை வற்புறுத்த மாட்டார்கள். முதல் விருந்தில் தயங்கி ஏற்றுக்கொள்கிறவனுக்கே ஒவ்வொரு விருந்திலும் போராட்டம்.

7. ஐந்தாம் ஆண்டுக்கு இன்றே விதை

பத்தாம் வகுப்போடு சேர்ந்தவனா? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற அக்னிவீரருக்குத் தனி ஏற்பாடு உண்டு. பன்னிரண்டு முடித்தவனா? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில், பணியில் பெறும் பயிற்சிக்கே பாதி மதிப்பெண் அலகுகள் கணக்கிடப்படுகின்றன. யூனிட்டின் கல்விப் பிரிவில் கேட்டு முதலாண்டிலேயே பெயர் பதிவுசெய். ஓட்டுநர் பணியில் இருந்தால் வெளியே செல்லத்தக்க உரிமத்தையும் பெறும் வழியைக் கேள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரருக்கு ஒதுக்கீடு உண்டு. அதன் அளவு மாறிவருவதால் அறிவிப்புகளைக் கவனித்துவா.

அருமைத் தம்பியே, நான்கு ஆண்டு முடிந்து அதே டிரங்குப் பெட்டியோடு நீ வீட்டு வாசலில் வந்து இறங்கும் நாளைச் சற்று எண்ணிப்பார். படையில் தொடர்கிறவனாய் விடுப்பில் வரலாம். பணி முடித்தவனாயும் வரலாம். எப்படி வந்தாலும், பெட்டிக்குள் ஒரு சான்றிதழும், தொடாத சேமிப்பும், கெடாத உடலும், களங்கமில்லாத பெயரும் இருந்தால் நீ தோற்றவன் அல்ல. அவற்றைச் சேர்க்கும் வேலை நாற்பதாம் மாதத்தில் தொடங்குவதன்று. யூனிட்டில் முதல் சம்பளம் வாங்கும் மாலையில், ஒருவரும் விசில் ஊதாத அந்த நேரத்தில் தொடங்குகிறது.

வீட்டார் உனக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். சுகமாய்ப் போய் வா.