சுருக்கமா, சிதைவா?
கிழக்கிலங்கைக் கரையோரத்து ஒலிச்செல்வம் குறித்து

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய ஊர்களிலே பழைய கசெற்றுகள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. வயல்வெளிக் கவியும் மூதாட்டியர் தாலாட்டும் கல்யாண வீட்டுக் குரவையும் பொல்லடிப் பாட்டும் அவற்றுள் உறைந்துள்ளன. கடற்காற்றின் ஈரம் நாடாவைக் கெடுத்துவருதலின், அவற்றை எண்முறைக்கு மாற்ற இளைஞர் சிலர் முன்வந்திருப்பது போற்றத்தக்கது. ஆனால், எம்பி3 ஆக மாற்றியதும் மூலநாடாவை வீசியெறியும் வழக்கம் போற்றத்தக்கதன்று, கண்டிக்கத்தக்கது.

எம்பி3 செய்வது யாது? பேரொலி ஒன்று எழுகையில் அதனை அடுத்துள்ள மெல்லொலியைச் செவி உணராது என்னும் உண்மையைப் பற்றிக்கொண்டு, செவிக்குத் தேவையற்றது எனக் கணித்தவற்றை அது கழித்துவிடுகிறது. இறுவட்டின் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிற் கொள்ளும். 128 கிலோபிற் எம்பி3 இல் எஞ்சுவது அதிற் பதினொன்றில் ஒரு பங்கே. கழிந்தது மீளாது. 2001 இல் வெளிவந்த ஃபிளாக் போன்ற இழப்பிலா முறைகளோ ஒலியை ஏறத்தாழப் பாதியளவாகச் சுருக்கினும், விரிக்குங்கால் ஒரு பிற்றும் குறையாது மூலத்தைத் திருப்பித் தருவன.

“கேட்டால் வேறுபாடு தெரியவில்லையே” என்பர். உயர்ந்த வீதத்து எம்பி3 ஐப் பொறுத்தவரை அஃது பெரும்பாலும் மெய்யே, மறுப்பதற்கில்லை. ஆயின், பேணுதல் இன்றைய செவிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. மருதமுனைக் கைத்தறிச் சேலையில் இழைகள் சிலவற்றை உருவிவிட்டால், தூரத்திற் பார்ப்பவனுக்கு அது சேலையாகவே தோன்றும். தோய்த்துப் பிழிகையிலே குட்டு வெளிப்படும். எம்பி3 ஐத் திருத்தி மீண்டும் எம்பி3 ஆக்குந்தோறும் இழப்பு பெருகும். குறைந்த வீதங்களில் உயரதிர்வெண்கள் முதலில் வெட்டுண்ணும். நம் பேச்சின் ஸகர, ஷகர ஒலிகளின் கூர்மையை நாளை ஆராயப்புகும் மொழியியலாளனுக்கு எதனைக் கொடுப்போம்? கூரிய ஓசை எழுமுன்னரே அதன் மங்கிய நிழல் கேட்பதும் இம்முறையின் அறியப்பட்ட குறையாகும். பொறியியலாளர் அதனைக் கஸ்டனெற் என்னும் ஸ்பானியத் தாளக்கட்டையின் ஒலிகொண்டு சோதிப்பர். நம் பொல்லடியும் கட்டையோடு கட்டை மோதும் ஓசையன்றோ!

“கசெற்றே இரைச்சல் நிறைந்தது; அதற்கு இத்துணை ஆரவாரம் ஏன்?” என்பது அடுத்த தடை. இரைச்சல் மிகுந்ததனாலேயே கவனம் வேண்டும். எம்பி3 தனக்குள்ள சிறு இடத்தை இரைச்சலுக்கும் பங்கிட்டுவிடும். அதனடியிற் கிடக்கும் மெலிந்த குரல் நலியும். என் உம்மும்மாவின் தாலாட்டு இருந்த கசெற்றைக் கடையொன்றில் மாற்றக் கொடுத்தோம். திரும்பி வந்தது நீரடியிற் பேசுவது போன்ற குரல். நாடாவைக் கேட்டபோது குப்பையில் போட்டாயிற்று என்றனர். இரைச்சல் நீக்கும் கருவிகள் இன்று மேம்பட்டுள்ளன. அவற்றிடம் கொடுக்க எம்மிடம் மூலமில்லை.

“இடம் போதாது” என்பதும் பொருந்தாது. 24 பிற், 48 கிலோஹேட்ஸ் அளவில் இருதட ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைற். ஆயிரம் மணி நேரத்தைச் சுருக்காமலே 2 டெராபைற் வன்தட்டொன்றில் அடக்கலாம். குறைவது இடமன்று, மனம்.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் உயிர்களோடு வீடுகளையும் வாரிச்சென்றது. வீட்டோடு போன ஒலிநாடாக்களைக் கணக்கிட்டவர் எவருமிலர். கடல் கொண்டதற்கு நாம் பொறுப்பல்லேம். எஞ்சியதை நம் கையாற் குறைப்பதற்குப் பொறுப்பாளர் நாமே.

ஆகவே, மூலத்தை இழப்பிலா வடிவிற் பதிக. படிகள் மூன்றெடுத்து ஒன்றைக் கரைக்கு அப்பால் வைக்க. நாடாவை எறியாது காக்க. கைப்பேசியிற் பகிர எம்பி3 தாராளமாக உதவட்டும். அது படியே, மூலமன்று. இப்பணியை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நம் பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். எது தேவையற்றது எனத் தீர்மானிக்கும் உரிமை வருங்காலத்தவர்க்கும் உண்டு. அவ்வுரிமையை முன்கூட்டியே அழிக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?